கேள்வி கேட்பதும் சங்க வேலைதான்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது பாட்டன் பூட்டன் காலத்தில் 'துண்டு' என்றொரு காகிதம் இருந்தது. தொழிலாளி பட்ட கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடன் தீர்ந்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். கணக்கை எழுதியவர் ஒருவர், சுமந்தவர் இன்னொருவர். அந்தக் கணக்கு சரியா என்று கேட்கச் சுமந்தவருக்கு வழியில்லை. 1921 இல் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிந்தது. 1931 இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். அவரும் மீனாட்சி அம்மாளும் பேச்சாலும் பாட்டாலும் நம் மக்களைக் கேள்வி கேட்கப் பழக்கினார்கள்.

இன்று சம்பளச் சிட்டையை வாசிக்க நமக்குத் தெரியும். ஆனால் வாசிப்பது வேறு, விசாரிப்பது வேறு. இதைச் சம்பளப் போராட்டங்கள்தான் நமக்குக் கற்றுத் தந்தன. ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபா. 2019 இல் 750 ரூபா. "இருபது ரூபாதான் கூடியது" என்றார்கள் சிலர். "அடிப்படைச் சம்பளம் இருநூறு ரூபா கூடியது" என்றார்கள் வேறு சிலர். இரண்டும் உண்மை. அப்படியானால் யார் சொன்னதை எடுத்துக்கொள்வது? பேனையை எடுத்துக் கணக்குப் போட்டோம்.

730 இல் அடிப்படை 500. வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, தேயிலை விலைக் கொடுப்பனவு 30. வரவு குறைந்தால் 60 இல்லை. கொழுந்து குறைந்தால் 140 இல்லை. 750 இல் அடிப்படை 700, விலைக் கொடுப்பனவு 50. மற்ற இரண்டும் எடுபட்டுவிட்டன.

சேமலாப நிதிக்கு அடிப்படைச் சம்பளத்தில் நம்மிடம் 8 வீதம் கழிக்கிறார்கள். எல்லா நிபந்தனையையும் நிறைவேற்றியவருக்கு முன்பு 40 ரூபா கழித்துக் கையில் 690. பிறகு 56 ரூபா கழித்து 694. கைக்குக் கூடியது நான்கே ரூபா. அதே வேளை நிர்வாகத்தின் 12 வீதமும் சேர்ந்து நிதிக்குப் போவது ஒரு நாளைக்கு 100 இலிருந்து 140 ஆனது. சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 25 வருடம் உழைத்தவருக்கு 500 ரூபாப்படி 1,75,000. 700 ரூபாப்படி 2,45,000.

ஆகவே ஒரே ஒப்பந்தம் அடுப்படிக்கு ஒரு பதிலும், ஓய்வு காலத்துக்கு வேறொரு பதிலும் சொல்கிறது. "வெற்றி" என்ற கூச்சலும் "துரோகம்" என்ற கூச்சலும் இதை நமக்குச் சொல்லவில்லை. கணக்குத்தான் சொன்னது.

2024 இல் எல்லோர் வாயிலும் 1,700 இருந்தது. அந்த வருடம் செப்டம்பரில் சம்பள நிர்ணய சபை தீர்மானித்த நாட்சம்பளமோ 1,350. அப்போது பிரட்டுக்களத்திலேயே நம் பெண்கள் கேட்டார்கள்: "மீதிக்கு என்ன நிபந்தனை?" இதுதான் நாம் வளர்ந்த வளர்ச்சி.

இனி எந்தத் தொகையைச் சொன்னாலும் நான்கு கேள்வி கேட்போம். இதில் அடிப்படை எவ்வளவு? மீதிக்கு என்ன நிபந்தனை? சேமலாப நிதிக்கு எது கணக்கில் வரும்? எங்கே எழுதியிருக்கிறது?

இந்தக் கேள்விகள் துரைக்கு மட்டுமல்ல. மேடையில் பேசும் தலைவருக்கும், வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கும், நமது சங்கத்துக்கும் சேர்த்துத்தான். கேள்விக்குப் பயப்படும் சங்கம் நிர்வாகத்தின் முன்னால் நிமிர்ந்து உட்கார முடியாது.

வீட்டிலும் இதே பழக்கம் வேண்டும். பெண்பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் "வாயாடி" என்று அடக்க வேண்டாம். நாளை தராசடியில் நின்று, சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழித்தீர்கள் என்று கேட்கப் போகிறவள் அவள்தான்.

இந்த மாதம் ஒரு சிறு வேலை செய்வோம். வேலைக்குப் போன நாளையும் நிறுத்த கிலோவையும் வீட்டில் ஒரு கொப்பியில் தினமும் குறித்து வைப்போம். சம்பளம் போட்டதும் கொப்பியையும் சிட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு நாள் குறைந்திருந்தாலும் இரண்டையும் எடுத்துக்கொண்டு கமிட்டிக்கு வாருங்கள். சேர்ந்து போய்க் கேட்போம்.