வாசலில் நிற்கும் நூடுல்ஸ் வண்டி

(நமது நலச்சங்கக் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கணக்கு தெரியும், மேடைப் பேச்சு பழக்கமில்லை. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கேட்டுக்கு எதிரே சாயங்காலம் நிற்கும் நூடுல்ஸ் வண்டியை அகற்றச் சொல்லி ஒரு மனு கையெழுத்துக்காகச் சுற்றி வருகிறது. என்னிடமும் வந்தது. நான் இன்னும் போடவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

1980-களின் நடுவில் எனக்குச் சென்னை பாரிமுனையில் வேலை. கீரப்பாளையத்தில் பிறந்து, சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். எனக்குத் தெரிந்த நூடுல்ஸ் வீட்டு இடியாப்பம்தான். பர்மா பஜார் பக்கத்து நடைபாதைக் கடையில்தான் முதன்முதலாக 'அத்தோ' சாப்பிட்டேன். வேகவைத்த கோதுமை நூடுல்ஸ், நறுக்கிய முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே சூடாக வாழைத்தண்டு சூப்.

அந்த உணவு இங்கே வந்த கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடை, வியாபாரம் எல்லாம் அரசுடைமை ஆனது. லட்சக்கணக்கான இந்தியர்கள் சம்பாதித்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். அவர்கள் பிழைக்கத்தான் 1969-ல் பர்மா பஜார் வந்தது. தாயகம் திரும்பியோருக்கென்றே ரெப்கோ வங்கியும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டது. கையில் முதல் இல்லாதவர்களுக்குக் கைப்பக்குவமே முதல் ஆனது.

நான் வழக்கமாகச் சாப்பிட்ட கடைக்காரர் ஒருநாள், "சார், உங்க பேங்க்ல ஒரு கணக்கு ஆரம்பிக்கணும். அறிமுகக் கையெழுத்து போடுவீங்களா?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகம் செய்யாமல் புதுக் கணக்கு தொடங்க முடியாது. இரண்டு வருடம் அவர் கையால் சாப்பிட்டவன் நான். ஆனாலும், நாளைக்கு ஏதாவது வம்பு வந்தால் என்ன செய்வது என்று பயந்து, "பார்க்கலாம்" என்று நழுவிவிட்டேன். பிறகு அந்தப் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது. அவர் மறுபடி கேட்கவும் இல்லை. பதவி உயர்வு தவறியதெல்லாம் மறந்துவிட்டது. இது மட்டும் மறக்கவில்லை.

அதற்காக வண்டியைப் பற்றிய புகார்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் திரும்ப இடம் வேண்டும். கழிவுநீர் நம் வாசலில் ஓடக்கூடாது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் உடம்புக்குக் கெடுதல். செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தால் அச்சு மை உணவில் ஒட்டும். இவை நியாயமான கவலைகள்தான்.

ஆனால் இதையெல்லாம் அவரிடம் யாராவது நேரில் சொன்னோமா? நம் பிள்ளைகள் டியூஷன் முடிந்து அங்கேதான் நிற்கிறார்கள். பார்சல் வாங்கும் வீடுகளும் இந்தக் கூட்டத்தில் இருக்கின்றன.

என் யோசனை இதுதான். மனுவை ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள். வண்டியைக் கேட்டிலிருந்து இருபதடி தள்ளி நிறுத்தச் சொல்வோம். மூடியுள்ள குப்பைத்தொட்டி, நல்ல தண்ணீர், தினமும் புது எண்ணெய், உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு ஆகியவற்றைக் கேட்போம். பதிவு இல்லையென்றால் விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.

ஒரு கையெழுத்தைப் போடாமல் தவறு செய்தவன் நான். இன்னொன்றை அவசரப்பட்டுப் போட்டுத் தவறு செய்ய விருப்பமில்லை.