மதுரை வைத்தியநாத ஐயரும் ஆலயப் பிரவேசமும்



தேச விடுதலைக்காகச் சிறை புகுந்தவர்கள் நம் நாட்டில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆயினும் அவ்விடுதலை தம் வீதியிலும் தம் வீட்டிலும் யாருக்கு முதலில் சேர வேண்டும் என்று எண்ணிப் பார்த்து, அதற்கு இசையத் தம் வாழ்க்கையையே மாற்றி அமைத்துக்கொண்டவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராகிய வக்கீல் வைத்தியநாத ஐயரைப் பற்றிப் பேசும் பாக்கியம் இன்று எனக்குக் கிட்டியிருக்கிறது. 1890-இல் தஞ்சை ஜில்லா விஷ்ணம்பேட்டையில் பிறந்து, மதுரையில் பேர்பெற்ற வக்கீலாய் விளங்கிய அவர், 1930-ஆம் ஆண்டு வேதாரணிய உப்பு சத்தியாக்கிரகத்தில் போலீசாரின் புளிய மிளாறுகளுக்குத் தம் சரீரத்தை ஒப்புக்கொடுத்தவர். பன்முறை சிறை கண்டவர். இவை பலரும் அறிந்தவை. ஆதலால் இவற்றை விரிக்காமல், 1939-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8-ஆம் தேதிக்கு வருகிறேன்.

அன்று காலை, முன்னறிவிப்பும் ஊர்வலமும் இன்றி, கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரையும், விருதுநகர் சண்முக நாடாரையும் அழைத்துக்கொண்டு ஐயர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். கோயிலைத் தெரிந்தவர்களுக்கு, கோபுர வாயிலிலிருந்து அம்மன் சந்நிதி எத்தனை அடி என்பது தெரியும். பொற்றாமரைக் குளத்தருகே சற்று நின்று சென்றாலும் சிறிது நேரத்து நடைதான். தலைமுறை தலைமுறையாகக் கோபுரத்தைத் தொலைவிலிருந்து கண்டு கும்பிட்டுத் திரும்பிய குலங்களில் வந்தவர்கள், அன்று அந்தச் சிறு தூரத்தை நடந்து கடந்து தாயின் முன் நின்றார்கள்.

சண்முக நாடார் ஏன் உடன் சென்றார் என்று இக்காலத்து இளைஞர்கள் வியக்கக்கூடும். நாடார்களுக்கும் அக்காலத்தில் கோயிற் கதவு அடைத்தே இருந்தது. கமுதிக் கோயிலில் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து நடந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்குப் பாதகமாகவே முடிந்தது. சட்டம் யார் பக்கம் நின்றது என்பது வக்கீலாகிய ஐயருக்கு நன்கு தெரியும். வழக்கத்தை மீறிக் கோயிலைத் திறந்துவிட்ட அதிகாரியின் மீதும், உள்ளே புகுந்தவர்கள் மீதும் எவரும் வழக்குத் தொடரலாம் என்ற நிலையிலேதான், சட்டத்தின் துணையை எதிர்பார்த்துக் காத்திராமல், அவர் அடியெடுத்து வைத்தார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவருக்கு உறுதுணையாய் நின்றார். இருவரின் இந்தத் துணிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எதிர்ப்பும் சாமானியமாக இல்லை. சில பட்டர்கள் பூசை செய்ய மறுத்தார்கள். அம்மன் கோயிலை விட்டு நீங்கிவிட்டாள் என்று சொல்லி, வைதிகர் சிலர் தமிழ்ச் சங்கம் சாலையில் ஒரு வீட்டில் வேறு வழிபாடே ஏற்படுத்திக்கொண்டார்கள். சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் மந்திரிசபை அவ்வாண்டே ஆலயப் பிரவேச அனுமதி, பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து, பிரவேசத்திற்குத் துணைநின்றவர்களை வழக்குகளிலிருந்து காத்தது. ஆனால் அச்சட்டம் தந்தது அனுமதியே அன்றி உரிமை அன்று. கோயிலைத் திறப்பதும் திறவாததும் பெரும்பாலும் தர்மகர்த்தாக்களின் மனத்தைப் பொறுத்தே இருந்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அது உரிமையாயிற்று. அப்பொழுது ஐயரும் சென்னைச் சட்டசபையில் அங்கம் வகித்தார்.

இனி, இந்த இயக்கத்தின்மீது எழுந்த ஓர் ஆட்சேபத்தை நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். கோயிற் கதவு திறப்பதைக் காட்டிலும் கல்வியும் உத்தியோகமும் ஜீவனத்திற்கான வழியுமே தாழ்த்தப்பட்டோருக்கு முதன்மையானவை என்று டாக்டர் அம்பேத்கர் 1933-லேயே வற்புறுத்தினார். அக்கூற்றை மறுப்பதற்கில்லை. தரிசனம் வயிற்றை நிரப்பாது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடாது. அம்பேத்கரின் இந்தக் கேள்விக்கு ஐயரின் விடையைக் கோயிலில் தேடுவதைவிட, அவர் வீட்டில் தேடுவதே பொருந்தும் என்பது என் துணிபு.

அவர் இல்லத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் தங்கினார்கள், உண்டார்கள், படித்தார்கள். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கக்கன், அங்கே வளர்ப்பு மகனைப்போல் இருந்து, இரவுப் பள்ளிகளிலும் மாணவர் விடுதிகளிலும் தொண்டாற்றப் பழகி, பிற்காலத்தில் சென்னை ராஜ்யத்தின் மந்திரியானார். ஆலயப் பிரவேசம் ஒரு நாட்காலையில் நிறைவேறிய செயல். அந்த வீட்டுச் சமையலறையோ ஆண்டுக்கணக்கில் நடந்த பிரவேசம். சுற்றத்தாரின் சுடுசொல்லையும் பகிஷ்காரத்தையும் தாங்கிக்கொண்டு, வந்த பிள்ளைகளுக்குத் தம் பிள்ளைகளோடு ஒன்றாக இலை போட்டவர் ஐயரின் மனைவி அகிலாண்டம்மாள். தாமும் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற அவ்வம்மையார் இசையாதிருந்தால், ஐயரின் கொள்கை மேடைப் பிரசங்கத்தோடு நின்றிருக்கும்.

1934-இல் மதுரைக்கு வந்தபோது, தாழ்த்தப்பட்டோருக்கு அனுமதி இல்லாததால் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்லாத மகாத்மா காந்தி, 1946-இல் மீண்டும் வந்து அங்கே வழிபட்டார். 1955-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் தேதி ஐயர் காலமானார். அப்போது பார்லிமெண்டு அங்கத்தினராயிருந்த கக்கன், ஐயரின் புதல்வர்களோடு தாமும் ஒரு மகனாக நின்று அந்திமக் கிரியைகளைச் செய்தார். பிறப்பைக் காரணம் காட்டிக் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவருக்கு அந்தணர் ஒருவரின் இறுதிச் சடங்கில் மகனுக்குரிய இடம் கிடைத்தது. 1939-இன் வெற்றியைவிட இதனையே நான் உயர்வாகக் கருதுகிறேன்.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையாருக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த ஆண்டுச் சொற்பொழிவை அகிலாண்டம்மாளின் பெயரால் அமைத்து, அந்த இல்லத்தில் தங்கிப் படித்தவர்களின் குடும்பத்தாரை இந்த மேடைக்கு அழைத்துப் பேசச் செய்யுங்கள்.