குறத்தி வேஷமும் போலீஸ் வேஷமும்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. இடைநிலைச் சாதிக் குடும்பம். பதினோரு வயதில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் குறத்தி வேஷம் கட்டினேன். மஞ்சள் காமாலையிலிருந்து நான் பிழைத்ததற்காக ஆச்சி நேர்ந்துகொண்டது. கண்டாங்கிச் சேலை, கழுத்து நிறையப் பாசிமணி, இடுப்பில் கூடை. கன்னத்தில் மை தடவிய சித்தி சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "இன்னுங் கொஞ்சம் அப்புவோம். அழுக்கா இருந்தாத்தான் நெசக் குறத்தி கணக்கா இருப்ப." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது சீர்மரபினர் பற்றி ஆய்வு செய்கிறேன். போன வருடம் களப்பணிக்காக ஒரு குறவர் குடியிருப்புக்குப் போயிருந்தபோது, நெருக்கம் காட்டுவதாக நினைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொன்னேன். முறத்துக்கு மூங்கில் சீவிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் தலைநிமிராமல் கேட்டார்: "வேசத்தக் கழுவுன பொறவு உன்னய வீட்டுக்குள்ள விட்டாங்கள்லா? என்னய விடுவாங்களா?"

என்னிடம் பதில் இல்லை. பதில் எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்ல முடியவில்லை. இன்று உங்களிடம் பேச வந்தது அந்தக் கேள்வியைத்தான்.

குலசை தசராவைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. காப்புக் கட்டி, விரதமிருந்து, ஊர் ஊராகத் தசரா செட்டாகப் போய்க் காணிக்கை பிரித்து, பத்தாம் நாள் சூரசம்ஹாரத்துக்குக் கடற்கரையில் வந்து கூடும் மக்களை எனக்குத் தெரியும். காளி, ராஜா, குரங்கு, கரடி, போலீஸ், பிச்சைக்காரர், குறவன் குறத்தி என்று எத்தனையோ வேஷம். கடை வைத்திருப்பவரும் வங்கியில் வேலை பார்ப்பவரும் தட்டேந்தி வாசலில் நிற்பார்கள். ஏன் என்று கேட்டால், "அகந்தை அழியணும்" என்பார்கள். அந்த பக்தியில் பொய்யில்லை.

ஆனால் இந்த நியாயத்துக்குள்ளேயே சிக்கல் இருக்கிறது. தன்னைத் தாழ்த்திக்கொள்ள ஒருவர் குறத்தி வேஷம் போடுகிறார் என்றால், குறத்தி தாழ்ந்தவள் என்று முன்பே முடிவு செய்துவிட்டார். அகந்தை அழிய வேண்டுமென்று யாரும் பண்ணையார் வேஷம் போடுவதில்லை.

"போலீஸ் வேஷமும்தானே போடுகிறார்கள், போலீஸ்காரர் யாரும் புண்படவில்லையே?" என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. போலீஸ் வேஷம் போட்டவர் விளையாட்டுக்கு லத்தியைச் சுழற்றுவார், சிரிப்போம். அந்தச் சிரிப்பால் எந்தப் போலீஸ்காரருக்கும் வாடகை வீடு மறுக்கப்படாது. அதிகாரத்தில் இருப்பவரைப் போல் நடிப்பது வேறு, அந்த அதிகாரத்திடம் அடிவாங்கியவரைப் போல் நடிப்பது வேறு.

அடி என்று சும்மா சொல்லவில்லை. 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன் பட்டியலில் குறவர்களும் சேர்க்கப்பட்டார்கள். பிறப்பே குற்றம் ஆனது. 1952இல் நாடு முழுக்கச் சட்டம் ஒழிந்தது, சந்தேகம் ஒழியவில்லை. 1993இல் கடலூர்ப் பகுதியில் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு குறவர். 'ஜெய் பீம்' படம் அவரை இருளராகக் காட்டியது. குலசையில் போலீஸ் வேஷமும் குறத்தி வேஷமும் ஒரே செட்டில் சேர்ந்து ஆடும்போது, எனக்கு இப்போது அந்தக் காவல் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது.

"வள்ளியே குறத்திதானே, குற்றாலக் குறவஞ்சி இருக்கிறதே, அது பெருமைதானே?" என்றும் கேட்கிறார்கள். திரிகூட ராசப்பக் கவிராயரின் குறத்தி தன் மலையின் வளத்தைத் தானே பேசுகிறாள். நாங்கள் கட்டிய குறத்திக்குக் கையேந்துவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

இன்னொன்று. அந்தப் பாசிமணி குறவர்களுடையது அல்ல, வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர்களுடையது. இரண்டும் வேறு வேறு சமூகங்கள். அந்த வேறுபாடுகூடத் தெரியாமல்தான் வேஷம் கட்டினோம். 2021இல் மாமல்லபுரத்துக் கோயிலில் அன்னதானப் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவர் ஒரு நரிக்குறவப் பெண். 2023இல் சென்னைத் திரையரங்கு ஒன்றில், கையில் டிக்கெட் இருந்தும் வாசலில் தடுக்கப்பட்டதும் நரிக்குறவர்கள்தான். பாசிமணி போட்ட என்னை அம்மன் சந்நிதிவரை கூட்டிப்போனார்கள்.

குறவர் மக்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தடை விதித்து அரசாணை வெளியிட்டது. மேடைகளில் அந்தப் பெயரால் நடந்த ஆபாசத்துக்கு எதிராக அவர்கள் பெற்ற வெற்றி அது. அதைக் காட்டி, விரதமிருந்து வரும் ஒரு பெண்ணின் வேஷத்தைப் போலீஸ் கலைக்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. லத்தியால் வரும் மரியாதை மரியாதையாகாது. ஆனால் குலசைக்குச் சாதிக் கொடி, சாதி ரிப்பனோடு வரக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. நம் சாதியைக் காட்டும் ரிப்பன் சாதி அடையாளம் என்றால், இன்னொருவர் சாதியை முகத்தில் பூசிக்கொள்வது மட்டும் எப்படி வெறும் வேஷமாகும்?

இதை ஊருக்குச் சொல்வதற்கு முன் வீட்டில் சொல்ல வேண்டும். இந்த வருடம் அண்ணன் மகளுக்குக் குறத்தி வேஷம் என்று முடிவாகியிருக்கிறது. "வேண்டுதலை நிறுத்த வேண்டாம், வேஷத்தை மட்டும் மாற்று" என்றேன். அண்ணனுக்குக் கோபம். "நீ போட்டப்ப இனிச்சுதா?" என்றான். இனித்தது என்றேன். இனித்ததால்தான் சொல்கிறேன் என்றேன். மூங்கில் சீவிய அக்கா கேட்டதையும் அவனிடம் சொன்னேன்.

அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை. புரட்டாசிக்கு நாள் இருக்கிறது. உங்கள் வீடுகளிலும் இப்படி ஒரு பேச்சைத் தொடங்குங்கள்.