சொல்லறியாப் புரவி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ்ச் சங்க மேடையில் சொல்லின் பெருமையைப் பேசுவதே மரபு. யானோ, சொல்லறியாத ஓர் உயிரைப் பற்றிப் பேச வந்துள்ளேன். குதிரையே அவ்வுயிர். தில்லியில் வாழும் நமக்கு அது புதியதன்று. 1773ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பெற்று, இன்று குடியரசுத் தலைவரின் மெய்க்காவற்படையாக விளங்கும் குதிரை வீரர்களை ஆண்டுதோறும் சனவரி 26ஆம் நாள் கண்டு மகிழ்கின்றோம். பீரங்கி முழங்கினும், மக்கள் ஆரவாரித்தாலும் அப்புரவிகள் அணி பிறழாமல் செல்கின்றன. தன்னினும் பன்மடங்கு வலிய ஒரு விலங்கை மனிதன் நடத்துவது எவ்வாறு? கடிவாளமும் சவுக்கும் மட்டுமே இதற்குப் போதுமா?

புல்வெளியில் வாழ்ந்து, கொடு விலங்குகளுக்கு அஞ்சி ஓடிப் பிழைத்த இனம் குதிரை. அதன் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் அமைந்துள்ளன. நெற்றிக்கு நேர் முன்னும், வாலுக்கு நேர் பின்னும் உள்ள சிறு இடங்கள் நீங்கலாக, சுற்றிலும் நிகழ்வதை எல்லாம் அது காணும். ஓர் ஈ அமர்ந்தாலும் அதன் தோல் சிலிர்க்கும். கூட்டத்தில் ஒன்று தலை நிமிர்ந்து செவியைக் குத்திட்டால், மற்றவையும் மேய்வதை நிறுத்தி அத்திசையை நோக்கும். ஆகவே, அசைவே அதற்கு மொழி. நம்மையும் அம்மொழியாலேயே அது அறிகின்றது.

இதற்குச் சான்றாக ஓர் உண்மை வரலாறு உண்டு. செருமனி நாட்டில் வில்லெல்ம் பான் ஆஸ்டன் என்னும் ஓய்வு பெற்ற ஆசிரியர், ஹான்ஸ் என்ற குதிரைக்குக் கணக்குக் கற்பித்தார். இரண்டும் மூன்றும் எத்தனை என வினவினால், அது குளம்பால் ஐந்து முறை தட்டி நிற்கும். 1904ஆம் ஆண்டில் அறிஞர் குழு ஒன்று ஆராய்ந்து, சூழ்ச்சி ஏதும் இல்லை என்றே கூறியது. பின்னர் ஆஸ்கர் புங்ஸ்ட் என்னும் உளநூல் ஆய்வாளர் பொறுமையுடன் சோதித்தார். வினவுபவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் தடுமாறியது. வினவுபவரைக் காண இயலாதபோதும் தடுமாறியது. உண்மை யாதெனில், வினவியவர் குளம்பைக் காணச் சற்றே குனிவார். சரியான எண் வந்தவுடன் தம்மை அறியாமலே தலையை இம்மியளவு உயர்த்துவார். அதைக் கண்டு குதிரை தட்டுவதை நிறுத்தியது! 1907ஆம் ஆண்டில் இம்முடிவு நூலாக வெளிவந்தது. ஹான்ஸ் கணக்கு அறிந்திலது. ஆனால் மனிதரே அறியாத மனித அசைவை அறிந்திருந்தது. எது பெரிய கல்வி என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இவ்வுண்மையை யான் நூலில் படிக்கும் முன்பே, பட்டு அறிந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு முன், இந்நகருக்கு வந்த புதிதில், குதிரையேற்றம் பயிலச் சென்றேன். ஒருநாள் காலை, லாயத்திலிருந்து ஒரு பெண் குதிரையை வெளியே கொணர முயன்றேன். கயிற்றைப் பற்றி, அதன் முகத்துக்கு எதிரே நின்று, கண்ணை உறுத்து நோக்கி இழுத்தேன். அது அசையவில்லை. சினம் மேலிட்டு, கையிலிருந்த கோலால் அடித்தேன். அது பின்வாங்கி, சுவரில் மோதி நடுங்கியது.

குதிரைகளைப் பேணும் முதியவர் ஒருவர் ஓடி வந்து கயிற்றை வாங்கிக் கொண்டார். "பாபுஜி, வழியை மறித்து நின்றுகொண்டு வா என்கிறீர்களே, அது எப்படி வரும்?" என்றார். பிறகு குதிரையின் தோளருகே நின்று, தாம் செல்ல வேண்டிய வழியை நோக்கி நடந்தார். கயிறு தொய்ந்தே இருந்தது. குதிரை உடன் நடந்தது!

யான் நாணினேன். ஆயினும் செய்த பிழை அன்றோடு தீரவில்லை. பல நாள் வரை, என்னைக் கண்டவுடன் அக்குதிரை செவிகளைப் பின்னே மடக்கி முகந்திருப்பிக் கொள்ளும். நாள்தோறும் அதன் அருகே சென்று, யாதும் கேளாமல் நின்று திரும்பினேன். ஏறத்தாழ ஒரு திங்கள் கழிந்த பின்னரே, அது தானாக ஓரடி முன்வந்து என் தோளை முகர்ந்தது.

அன்று அம்முதியவர் கற்பித்த பாடம் எளிது. காலால் மெல்ல அழுத்த வேண்டும். குதிரை ஓரடி வைத்த அந்நொடியே அழுத்தத்தை விட வேண்டும். சரியான நேரத்தில் விடுவதனாலேயே அது கற்கும். விடாது அழுத்துபவனிடம் அது மரத்துப் போகும். சினத்துடன் குதிரையை அணுகலாகாது என்று, இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டுச் செனபோன் தம் குதிரையேற்ற நூலில் அறிவுறுத்தினார். தலைமை என்பது இவ்வளவே: தான் செல்லும் திசையைத் தான் அறிந்திருத்தல், அத்திசையில் தானே முதலில் அடி வைத்தல், உடன் வருவோர்க்கு இடம் விடுதல்.

அன்பர்களே! நம் பிள்ளைகள் இம்மண்ணில் பிறந்தவர்கள். "தமிழ் படி, தமிழ் பேசு" என்று அவர்கள் முன் நின்று உறுத்து நோக்குகின்றோம். என் மகனையும் யான் அவ்வாறே இழுத்தேன். அவன் சுவரோடு ஒட்டி நின்றான். பின்னர் ஒருநாள் யாதும் சொல்லாமல், ஒரு தமிழ் நூலை எடுத்து அவனருகே அமர்ந்து எனக்காகவே படிக்கலானேன். சில நாளில் அவன், "அப்பா, அது என்ன கதை?" என்று கேட்டான்.

நாம் சொல்வதைக் கேட்குமுன், நாம் செல்லும் திசையைக் காண்கின்றனர் குழந்தைகள். புரவி எனக்குக் கற்பித்தது இதுவே.