அவளை அவரே அழைத்தார்



லூக்கா 13-ம் அதிகாரத்திலே 18 வருஷம் கூனியாயிருந்த ஸ்திரீ சுகம் கேட்டதாக எழுதப்படவில்லை. இயேசுவே அவளைக் கண்டு அழைத்தார்.

நம்மிடம் வரும் பீடி சுற்றும் சகோதரிகளும் அப்படித்தான். முறத்தை மடியில் வைத்துக் குனிந்தே உட்கார்ந்து, கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொண்டாலும், கூலி போய்விடுமென்று வலியை மறைக்கிறார்கள். ஒரு சகோதரி ஆபரேஷனுக்குப் பயந்து மூன்று வருஷம் தைலம் தடவியே காலம் தள்ளினார். பிசியோதெரபிப் பயிற்சியும், சுவரில் சாய்ந்து உட்காருவதும், அடிக்கடி எழுந்து நடப்பதுமே அவருக்குப் போதுமாயிருந்தது. பெரும்பாலான முதுகுவலிக்கு ஆபரேஷன் தேவையில்லை. ஆனால் கால் பலமிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றே வரவேண்டும்.

உங்கள் காணிக்கை இவர்களுக்குப் பஸ் கட்டணமாகிறது, சிகிச்சையாகிறது. உங்கள் தெருவில் வலியை மறைக்கிறவர்களையும் கண்டு அழைத்து வாருங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.