மூங்கில் தட்டி மடத்து அம்மா

தமிழ்ச் சங்கத் தலைவர் அவர்களே, விழாக் குழுவினரே, பிள்ளைகளை மடியில் இருத்திக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் திருவேங்கடத்துக் கரிசல் மண்ணிலிருந்து வணக்கம்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் இருக்கும் திருவேங்கடம் பெருமாள் பெயரைத் தாங்கிய ஊர். ஆனாலும் அந்த வட்டாரத்துக்கும் கத்தோலிக்கத்துக்கும் முந்நூறு ஆண்டு உறவு உண்டு. வீரமாமுனிவர் காமநாயக்கன்பட்டியில் ஊழியம் செய்தார். சங்கரன்கோவில் பக்கத்துக் குருக்கள்பட்டியில் பிடிபட்டு, மரண தண்டனை வரை போய்த் தப்பினார். காமநாயக்கன்பட்டி பரலோக மாதாவுக்கு இன்றும் ஆகஸ்ட் 15-இல் திருவிழா. அந்தப் பக்கத்து ஊர்களில் வெள்ளை உடுப்புப் போட்ட ‘சிஸ்டர்’களிடம் ‘அ’னா ‘ஆ’வன்னா கற்ற பாட்டிகளும் அம்மாக்களும் பல வீடுகளில் இருக்கிறார்கள். ஜாதி, மதம் எதுவானாலும் அவர்கள் அந்த ஆசிரியைகளைப் பற்றி ஒரே குரலில்தான் பேசுவார்கள்.

அந்த ‘சிஸ்டர்’களின் வரிசைக்கு முன்னால் நிற்கிற ஓர் அம்மாவை இன்று இந்த அவை நினைத்துப் பார்க்க வேண்டும். செங்கோட்டை தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம், கொச்சிக் கடற்கரையில் பிறந்தவர். பெயர் ஏலீஸ்வா.

1831 அக்டோபர் 15-இல் வைப்பின் தீவின் ஓச்சந்துருத்தில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். 1847-இல் கூனம்மாவு ஊரின் வாகயில் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். அன்னா என்று ஒரு மகள் பிறந்தாள். குழந்தை நடை பழகும் பருவத்திலேயே கணவர் இறந்துபோனார். அப்போது ஏலீஸ்வாவுக்கு இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். மறுமணம் செய்துகொள்ளச் சொந்தக்காரர்கள் வற்புறுத்தினார்கள். அவர் இசையவில்லை. வீட்டை ஒட்டிய சிறு குடிலில், ஜெபமும் மகள் வளர்ப்புமாகப் பத்தாண்டுகளுக்கு மேல் கழித்தார்.

அந்தப் பத்தாண்டுகளைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நின்று பார்க்க வேண்டிய இடம் அதுதான். இந்துக் கைம்பெண் மறுமணத்துக்குச் சட்டம் வந்ததே 1856-இல். சட்டம் வந்த பிறகும் இந்தியாவின் பெரும்பாலான வீடுகளில் கணவனை இழந்தவள் நல்ல காரியத்துக்கு முன்னால் வரக் கூடாதவளாகத்தான் இருந்தாள். கரிசல் ஊர்களில் வெள்ளைச் சேலையோடு திண்ணை மூலையில் முடங்கிய பாட்டிமார்களை இந்த அரங்கில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் ஓர் இளம்பெண், குழந்தையையும் வைத்துக்கொண்டு, தன் வாழ்க்கை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாருக்கும் பணியாமல் யோசித்திருக்கிறாள்.

தன் மனத்தில் இருந்த துறவு விருப்பத்தை ஏலீஸ்வா, கார்மெல் சபையைச் சேர்ந்த லியோபோல்டு பெக்காரோ என்ற இத்தாலியத் துறவியிடம் சொன்னார். கூனம்மாவு மடத்தின் தலைவராக அப்போது சாவறை குரியாக்கோஸ் எலியாஸ் அடிகளார் இருந்தார். கோயில் இருக்கும் இடமெல்லாம் பள்ளிக்கூடமும் வேண்டும் என்று ஓயாமல் வலியுறுத்தியவர் அவர். 2014-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். இவர்களின் துணையோடு 1866 பிப்ரவரி 13-இல் பெண்களுக்கான கார்மெல் மூன்றாம் சபை தொடங்கியது. தொடங்கியவர்கள் மூன்று பேர்: ஏலீஸ்வா, மகள் அன்னா, தங்கை திரேசியா. மூங்கில் தட்டி வேய்ந்த ஒரு வீடுதான் மடம். கேரளத்தில் அந்த மண்ணின் பெண்களுக்கென்று உருவான முதல் துறவு மடம் அது.

அம்மா, மகள், சித்தி. ஒரே வீட்டுப் பெண்கள் மூவர். துறவு என்றால் உறவை அறுப்பது என்று நினைக்கிறோம். ஏலீஸ்வா பெற்ற மகளின் கையைப் பிடித்துக்கொண்டேதான் மடத்துக்குள் போனார்.

இரண்டே ஆண்டில், 1868-இல், பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், தங்கிப் படிக்க விடுதி, அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் எல்லாம் வந்துவிட்டன. எழுத்து, ஜெபம், கைவேலை என்று பாடம் நடந்தது. பெண் பிள்ளையை வெளியூரில் தங்கவைத்துப் படிக்க வைப்பதைப் பெற்றோர் நினைத்துக்கூடப் பார்க்காத காலம். கன்னியாஸ்திரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கைதான் அந்த வீடுகளின் கதவைத் திறந்தது. அந்த நம்பிக்கையின் முகமாக இருந்தவர் ஒரு தாய். ஒரு பெண்ணைத் தனியாளாக வளர்த்துக் காட்டியவர்.

ஏலீஸ்வாவின் பக்தியைப் போற்றும் பிரசங்கங்கள் நிறைய உண்டு. அவற்றில் பள்ளிக்கூடம் இரண்டு வரிக்குள் முடிந்துவிடுவது வருத்தம் தருகிறது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 0.6 பேர். அதற்கும் முப்பத்துமூன்று ஆண்டு முன்னால் ஒரு பெண் பிள்ளையின் கையில் எழுத்தைக் கொடுத்ததும் ஜெபத்தைப் போலவே வழிபாடுதான்.

தமிழ்நாட்டிலும் இதே காலத்தில் இதே போன்ற ஒருவர் இருந்தார். குண்டூர் பக்கத்துப் பிரங்கிபுரத்தில் 1822-இல் பிறந்த ஞானம்மா. அவரும் பிள்ளைகளைப் பெற்றவர், கணவரை இழந்தவர். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் கீழச்சேரியில் 1863-இல் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். அவர் வழியில் வந்தவைதான் புனித அன்னாள் சபைகள். அவரைப் பற்றி இங்கே அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அது நம் குறை.

மதத்தின் எல்லை தாண்டியும் இந்த இழை போயிருக்கிறது. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி சிறுமியாக இருக்கும்போதே கணவனை இழந்த பிராமணப் பெண். பிரசன்டேஷன் கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தார். 1911-இல் பட்டம் பெற்று, மறு ஆண்டே இளம் விதவைகளுக்கு இல்லம் தொடங்கினார். மெரினாவின் ஐஸ் ஹவுஸ் கட்டிடத்தில் தங்கிப் படித்த அந்தப் பெண்கள் பலர் ஆசிரியைகளாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் போனார்கள். தனக்குக் கற்பித்த சிஸ்டர்களின் அர்ப்பணிப்பு மனத்தில் ஊறியதால்தான், கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்த அவருக்கு ‘சிஸ்டர்’ என்ற பெயர் நிலைத்தது.

ஏலீஸ்வாவின் நீண்ட ஆயுளில் கடினமான அத்தியாயம் முதுமையில் வந்தது. 1890-இல் திருச்சபையின் வழிபாட்டு முறைகளை ஒட்டி மடம் இரண்டாகப் பிரிந்தது. கூனம்மாவு மடம் சீரோ மலபார் முறைச் சகோதரிகளுக்குப் போனது. இலத்தீன் முறையைச் சேர்ந்த ஏலீஸ்வா, தானே தொடங்கிய வீட்டை விட்டு அந்தச் செப்டம்பரில் வெளியேற வேண்டியதாயிற்று. வயது 58. கூடவே மகள் அன்னாவும் தங்கை திரேசியாவும் இருந்தார்கள். மூவரும் பக்கத்து வராப்புழைக்குப் போனார்கள். நவம்பரில் அங்கே புதிய மடம் பிறந்தது. மறுபடி முதலிலிருந்து. அறுபதை நெருங்குகிறவர்கள் பொறுப்பை இறக்கிவைக்கும் வயதில் இன்னும் இருபத்து மூன்று ஆண்டு வேலை அவருக்குக் காத்திருந்தது. 1913 ஜூலை 18-இல், 81 வயதில் இறந்தார்.

2025 நவம்பர் 8-இல் கொச்சி வல்லார்பாடம் பசிலிக்காவில் அவர் அருளாளராக அறிவிக்கப்பட்டார். அந்தத் திருப்பலிக்குத் தலைமை தாங்கியவர் மலேசியாவின் பினாங்கு ஆயர் கர்தினால் செபஸ்தியான் பிரான்சிஸ். கடல் கடந்து வாழும் இந்திய வம்சாவளியிலிருந்து வந்த ஒருவர் அந்தப் பீடத்தில் நின்றது, கடல் கடந்து வந்து இந்த அரங்கில் கூடியிருக்கும் உங்களுக்கும் பெருமைதான்.

தாய்மார்களிடம் தொடங்கிய பேச்சு என்பதால் ஒரு கோரிக்கையும் உண்டு. வேலைக்குப் போய், சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, வார இறுதியில் சம்பளமில்லாமல் தமிழ் வகுப்பு எடுக்கும் பெண்கள் உலகெங்கும் தமிழ்ச் சங்கங்களில் இருக்கிறார்கள். விழா மலரில் நன்கொடையாளர் படங்களுக்கு முழுப் பக்கம் கிடைக்கிறது. அடுத்த ஆண்டு மலரின் முதல் பக்கத்தில் உங்கள் தமிழ்ப் பள்ளி ஆசிரியைகளின் பெயர்கள், அவர்கள் எத்தனை ஆண்டு கற்பித்தார்கள் என்ற விவரத்தோடு வர வேண்டும். தலைவர் அவர்கள் இந்த மேடையிலேயே அதற்கு ஒப்புதல் சொன்னால் மகிழ்ச்சி.