மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது பிறவித் திறமையா?

(நாகர்கோவிலில் பொறியியல் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



முதலாமாண்டு என்ஜினியரிங் கிராஃபிக்ஸ் தாளில் அரியர் வைத்தவர்கள் எத்தனை பேர்? வெட்கப்பட வேண்டாம். அந்தத் தாள் முக்கியமாகக் கேட்பது ஒரு பொருளை மனதுக்குள் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை. நம்ம மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நின்றால் நீளமான தண்ணீர்த் தொட்டி. பரளியாற்றுக்கு இறங்கி அண்ணாந்தால் 115 அடி உயரத்துக்குத் தூண்கள். இரண்டும் ஒரே பாலம்தான் என்று தாளில் வரைந்து காட்ட வேண்டும். இதைத்தான் இடஞ்சார் திறன் என்கிறார்கள்.

இது வராத மாணவனைப் பார்த்து, "கோட்டாவில் வந்தவன்தானே, உனக்கு எதுக்கு என்ஜினியரிங்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாணவி என்றால், "பொம்பளப் பிள்ளைக்கு இது வராது" என்பார்கள். இரண்டு பேச்சுக்கும் அடிப்படை ஒன்றுதான்: திறமை பிறப்பில் வருகிறது என்ற நம்பிக்கை.

அது பொய் என்று வகுப்பறையிலேயே காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், இந்தத் திறனுக்கான தேர்வில் குறைந்த மதிப்பெண் எடுத்த முதலாமாண்டு மாணவர்களுக்கு 1993இல் ஷெரில் சார்பி தனி வகுப்பு தொடங்கினார். அவர்கள் கட்டைகளை அடுக்கி, திருப்பி, கையால் வரைந்து பழகினார்கள். மதிப்பெண் உயர்ந்தது. படிப்பை விடாமல் தொடர்ந்த பெண்களின் விகிதமும் கூடியது. குறைவாக இருந்தது மூளை அல்ல, பழக்கம்.

எதிர்த்திசையிலும் ஏமாறாதீர்கள். "ஆசாரி வீட்டுப் பிள்ளைக்கு ரத்தத்திலேயே இருக்கு" என்பதும் சாதிப் பேச்சுதான். அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்று 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டமும் அந்த நம்பிக்கையில்தான் நின்றது. 1954இல் காமராஜர் அதைக் கைவிட்டார்.

இனி 'விர்ச்சுவல் லேப்ஸ்' பற்றி. டெல்லி ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் ஒன்றிய கல்வி அமைச்சகத் திட்டம் இது. இலவசம். நூறு முறை தப்பாகச் செய்தாலும் யாரும் திட்ட மாட்டார்கள், கருவி உடைந்ததென்று அபராதமும் இல்லை. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத முதல் தலைமுறைப் பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் திரையே பொருளைத் திருப்பிக் காட்டிவிட்டால் மனதுக்கு வேலை இல்லை. எனவே, முதலில் யோசித்து வரையுங்கள். பிறகு திரையில் சரிபாருங்கள். ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓடாத கல்லூரி, "அதுதான் போனில் இருக்கே" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பணமுள்ள பிள்ளைக்கு இரும்பும், நமக்கு அதன் படமும் என்றால் அது புதுத் தீண்டாமை.

1926இல் சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்த மாவட்டம் இது. அன்று தெருவை மறித்தவர்களும் பிறப்பைத்தான் காரணம் சொன்னார்கள்.

ஆகவே நம் கோரிக்கை மூன்று: முதல் பருவத்திலேயே எல்லோருக்கும் இடஞ்சார் பயிற்சி, தமிழில் விளக்கம் கொண்ட மெய்நிகர் ஆய்வகம், கை வைத்துப் பழக உண்மையான ஆய்வகம். மூன்றும் சேர்ந்தே வேண்டும். உங்கள் கல்லூரியில் இந்த வாரமே கேளுங்கள்.